கழுத்தில் ஏறாத மெடல்

"வருஷக் கடைசின்னாலே வீட்ல கத்தல்தான். முதல்ல நிதானமா மூச்சு விடுங்க. குழந்தைங்க பக்கத்துல இருங்க, அது போதும்," என்றார் மேடையில் இருந்த ஆசிரியை மிலாக்ரோஸ். பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில், தனியார் பள்ளி ஒன்றில் பெற்றோர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

மகளின் கையைப் பிடித்தபடி பின்னால் நின்ற ரொகேலியோ வெடித்தான்.

"எங்க இருக்க விடுறீங்க? தினம் ஒத்திகை, புது உடுப்பு, வகுப்புக்கே பான்சிட் நூடுல்ஸ் செஞ்சு கொண்டு வான்னு உத்தரவு! இதுல அமைதியா வேற இருக்கணுமாம்!"

பெற்றோர்கள் கைதட்டினார்கள். முதல்வர் லூர்தெஸ் மைக்கை வாங்கினார்.

"கோபப்படாதீங்க சார். என்ன நடந்துச்சு?"

"இவ படிக்கிறது வேற ஸ்கூல். இப்பதான் அங்க பட்டமளிப்பு முடிஞ்சுது. மெடல் மாட்டிவிட வீட்டாளுங்களை மேடைக்குக் கூப்பிட்டாங்க. நான் போனேன். அம்மாதான் மாட்டணும்னு இவ அடம்பிடிச்சா. அம்மா வரவே இல்லை. மெடலைக் கையில வாங்கிட்டு அழுதுக்கிட்டே இறங்கினா."

முதல்வருக்கே ஆத்திரம் பொங்கியது.

"இப்படியும் ஒரு அம்மாவா? பெத்த பொண்ணு மேடையில நிக்கறப்ப அப்படி என்ன தலைபோற வேலை? இந்தக் கூட்டத்துக்கு முதல்ல அவங்களைத்தான் வரவழைக்கணும்!"

"வரவழைச்சிட்டீங்களே மேடம்! அவ அரைநாள் லீவு கேட்டப்ப, 'அப்புறம் கூட்டத்துல யார் பேசுறது'ன்னு கேட்டது நீங்கதானே?"

அதற்குள் சிறுமி மேடையேறி, மிலாக்ரோஸிடம் மெடலை நீட்டித் தலைகுனிந்து நின்றாள்.

"இப்பவாவது மாட்டி விடும்மா."