மைக்கில் சொன்ன பெயர்

"விஜயநகரத்து ராஜா ஒருத்தரு, காவேரிக் கரைச் சாமியார் ஒருத்தரு. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. இன்னா பேரு?" என்று கேட்டு மைக்கை நீட்டினார் சுரேஷ்பாபு.

திருப்பதியில் அவருடைய டிராவல்ஸ் ஆபீஸ். தமிழ்நாட்டிலிருந்து வரும் பஸ்களுக்குச் சந்திரகிரிக் கோட்டையையும் காணிப்பாக்கத்தையும் சுற்றிக்காட்டத் தமிழ் பேசும் கைடு வேண்டும். கடைசி ரவுண்டுவரை தேறியவள் நகரி தேவசேனா ஒருத்திதான்.

விடை அவளுக்குத் தெரியாமல் என்ன? தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பெயரோடுதான் குடித்தனம்.

ஆனால் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை.

ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே பெயர் வைத்துத் தொலைத்துவிட்டார்கள். அவனை 'சின்னவனே' என்று கூப்பிட்டுச் சமாளித்தாள். பஜனையில் சிவனை அந்தப் பெயரால் பாடும் அடி வந்தால் வாயை மூடிக்கொண்டு தாளம் மட்டும் போடுவாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையுமாம். மாமியார் போட்ட சட்டம்.

சுரேஷ்பாபுவும் இந்தப் பக்கத்து மனிதர்தான். அவள் திணறுவதைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"வீட்டுக்காரரு பேராம்மா? சரி, உடு. வேற கேக்கறேன்."

இந்த வேலை கிடைக்காவிட்டால் மகள் ரோஹிணியைப் படிப்பிலிருந்து நிறுத்திப் பவர்லூமுக்கு அனுப்ப வேண்டியதுதான். வேறு கேள்விக்குத் தலையாட்டியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும்.

"வேணாம் சார். இதையே சொல்றேன்."

மைக்கைக் கையில் வாங்கினாள்.

"சதாசிவ ராயர்." குரல் உடைந்தது. விடவில்லை. "சதாசிவ பிரம்மேந்திரர்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ராயரும் வேண்டாம், பிரம்மேந்திரரும் வேண்டாம் என்று வெறும் பெயராக, அடிவயிற்றிலிருந்து சொன்னாள்.

"சதாசிவம்."

வெளியே டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சுரேஷ்பாபு காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"வேல உனக்குத்தாம்மா. நகரியில கீற உன் வீட்டுக்காரருக்கே கேட்டிருக்கும்."

தேவசேனா மைக்கை மேசைமேல் வைத்தாள்.

போன தை மாதம் புத்தூர் மார்க்கெட்டில் லாரி ஒன்று பின்பக்கமாக வந்தபோது, அவன் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். "ஏங்க, ஏங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

அங்கிருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சதாசிவம் மட்டும் திரும்பவில்லை.