யாருக்கும் தெரியாத சொல்

“எல்லாரும் கையில இருக்கிற வேலைய நிறுத்துங்க. இன்னிக்குக் காலைல எட்டு மணியிலேர்ந்து என் கணினி பூட்டப்பட்டிருக்கு.”

ஸகாஸீக் நகரக் குடிநீர் அலுவலகத்தின் மீட்டர் பிரிவில், போர்ப் பிரகடனம் வாசிக்கும் குரலில் இதை அறிவித்தார் மேற்பார்வையாளர் ராகிப். யாரும் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு யாரும் வேலை செய்துகொண்டிருக்கவில்லை. வக்தி மட்டும் வாயில் இருந்த தமிய்யா வடையை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

“மூடி வெச்சா தூசி படியாது. நல்லதுதான், உஸ்தாஸ்.”

“மூடி வைக்கிறது இல்லடா, மடையா. என்க்ரிப்ஷன். டிஸ்க்குல இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் யாருக்கும் புரியாதபடி குழம்பிக் கெடக்கும். எவன் திருடிட்டுப் போனாலும் ஒரு வரி படிக்க முடியாது. உலகத்து உளவாளி அத்தனை பேரும் வரிசைல வந்து நின்னாலும் கடவுச்சொல் இல்லாம திறக்காது.”

“உளவாளிக்கு எதுக்கு உஸ்தாஸ் நம்ம தண்ணி மீட்டர்?” என்றான் பக்கத்து மேசை ஷுக்ரி.

ராகிப் அவனை மன்னித்தார். பெரிய மனிதர்களுக்கு அன்றாடம் இப்படி நாலைந்து பேரை மன்னிக்க வேண்டியிருக்கிறது.

“கடவுச்சொல்லுதான் முக்கியம். பிறந்த தேதி, கார் நம்பர், புடிச்ச ஃபுட்பால் டீம், எல்லாம் குப்பை. கழுத்துல கத்தி வெச்சாலும் வெளிய சொல்ல மாட்டோம்னு ஒரு சொல் இருக்கும் பாருங்க, அதப் போடணும்.”

கேலி செய்தவர்கள் எல்லோரும் அந்த வாரமே, ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்து, தங்கள் கணினிகளையும் அவரை வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். இயக்குநர்கூட அவரைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, தன் கணினியைப் பூட்டிக்கொண்டார். அவரவர் கடவுச்சொல்லைத் தட்டும்போது ராகிப் கண்ணியமாகச் சுவரைப் பார்த்து நிற்பார்.

அடுத்த வாரம் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து இரண்டு கைகளையும் உடைத்துக்கொண்டார். விரல் நுனிவரை மாவுக்கட்டு.

அப்படியே அலுவலகம் வந்தார். வராமல் முடியாது. கிளைத் தலைவர் பதவி அவருக்கா, வெளியூர் ஆளுக்கா என்று இயக்குநர் முடிவு செய்கிற நாள் அது. ஆறு மாதம் உழைத்து எழுதிய திட்ட அறிக்கை பூட்டிய கணினிக்குள் இருந்தது. வேறு பிரதி கிடையாது. பிரதி எடுத்தால் அப்புறம் ரகசியம் எதற்கு?

“உஸ்தாஸ், இயக்குநர் கேக்குறாரு. சொல்லைச் சொல்லுங்க, நான் தட்டுறேன்,” என்றான் வக்தி.

“முடியாது.”

“காதுல சொல்லுங்க.”

“ஒன் காது ஒன் வாயோட ஒட்டிப் பொறந்தது.”

“சரி, ஷுக்ரிகிட்டச் சொல்லுங்க.”

“அவன்கிட்டச் சொல்றதுக்குக் கடைத்தெருவுல மைக் புடிச்சுச் சொல்லிடலாம். எல்லாரும் செவுத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்கடா.”

திரும்பி நின்றார்கள். ராகிப் ஒரு பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, மரங்கொத்தி மாதிரி விசைகளைக் கொத்தினார். ஒன்றைக் கொத்தினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அமுங்கியது. திரையிலோ எழுத்துக்குப் பதில் வெறும் புள்ளிகள். எங்கே தப்பு என்று பார்க்கவும் வழியில்லை. கொத்தக் கொத்த ‘தவறு’ என்றே வந்தது. கடைசியில் பென்சில் முறிந்தது.

“அப்படி என்ன சொல்லு உஸ்தாஸ் அது?” என்று சுவரிடம் கேட்டான் ஷுக்ரி. “பொம்பளை பேரா?”

ராகிபின் முகம் சிவந்தது.

“பொம்பளை பேரேதான்,” என்றான் வக்தி. “பாக்க எப்படி இருப்பா?”

“மரியாதையாப் பேசு. அவங்க யாருன்னு தெரியுமா ஒனக்கு?”

“எனக்கும் தெரியணும்,” என்றது வாசலில் ஒரு குரல்.

கணவனுக்கு மதியச் சாப்பாடு ஊட்டிவிட வந்த மனைவி, கையில் டப்பாவும் ஸ்பூனுமாக நின்றாள்.

“வாங்க ஹாதிம் அம்மா, ஒக்காருங்க,” என்று ராகிபின் மகன் பெயரை வைத்து அவளை அழைத்தான் வக்தி, மிகுந்த சந்தோஷத்தோடு.

அவள் உட்காரவில்லை. “விடியக்காலைல எந்திரிச்சு ஒவ்வொரு கோஸ் இலையா உருட்டி மஹ்ஷி பண்ணிக் கொண்டாந்திருக்கேன். யார் அவ?”

“ஹாதிம் அம்மா, இங்க வெச்சு வேண்டாம்...”

“இங்கதான் வேணும். பேரைச் சொல்லுங்க. இல்லேன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். ராத்திரிச் சாப்பாட்ட அவளே வந்து ஊட்டட்டும்.”

சத்தம் கேட்டு இயக்குநரும் வெளியே வந்து நின்றார். ஒரு பக்கம் பதவி, ஒரு பக்கம் பெண்டாட்டி. ராகிப் இரண்டு மாவுக்கட்டுகளையும் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு, மனைவியின் காதில் ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். டப்பாவை மேசையில் வைத்தாள். ஒற்றை விரலால் தட்டினாள். கணினி திறந்துகொண்டது.

“அட அல்லாவே, ஒங்க அம்மா பேரா? இதுக்கா இவ்வளவு கூத்து?”

ராகிப் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஸகாஸீகில் ஓர் ஆண் தன் சம்பளத்தைச் சொல்வான், மூலவியாதியைக்கூடச் சொல்வான். அம்மா பேரை மட்டும் இன்னோர் ஆணின் காதில் விழ விடமாட்டான். பள்ளிக்கூடத்தில் அது வெளியே தெரிந்த பையன், படிப்பு முடியும்வரை தலை நிமிர்ந்து நடந்ததில்லை. பெயர் வெளியே வராவிட்டாலும், ஐம்பது வயதில் அதை வைத்துக் கணினியைப் பூட்டியவனை இவர்கள் ஓய்வுபெறும்வரை விடமாட்டார்கள். சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

சிரிப்பு வரவில்லை. கண்ணைத் திறந்தார். வக்தி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷுக்ரி இன்னும் சுவரிலிருந்து திரும்பவில்லை. இயக்குநர் திரையை எட்டிக்கூடப் பார்க்காமல், “அறிக்கை பிரமாதம், பதவி ஒங்களுக்குத்தான்,” என்று சொல்லிவிட்டு வேகமாகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மாலைக்குள் அந்த அலுவலகத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் தங்கள் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள்.