ரெட்டைத்தலைக் கழுகு புடிச்ச முயலு

துருக்கிப் பக்கம் அந்தக் காலத்துல ஆண்ட ஹிட்டைட்டு ராஜாங்க கட்டுன கோட்டை வாசல்ல, கல்லுல செதுக்குன கழுகு ஒண்ணு இருந்துச்சு. வயிறு ஒண்ணு, தலை ரெண்டு. ஒண்ணு கிழக்க பாக்கும், இன்னொண்ணு மேற்க பாக்கும். ஜென்மத்துக்கும் ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாத்ததில்ல. கால்ல மட்டும் ஒரு கல்லு முயல இறுக்கிப் புடிச்சிருந்துச்சு.

"அண்ணே, விட்டுருங்கண்ணே"ன்னு முயலு கிழக்குத் தலைகிட்ட கெஞ்சுச்சு.

"நான் எப்பவோ விட்டிருப்பேன் தம்பி. அந்தப் பக்கத்துக்காரன் ஒத்துக்கணுமே."

மேற்குத் தலைகிட்ட கேட்டா, "எனக்கென்னப்பா, அவன்தான் ஒரு மாதிரி"ன்னுச்சு.

"நீங்களே பேசிக்கக் கூடாதா?"

"அவன் மொதல்ல பேசட்டும்"னு ரெண்டும் சொல்லிருச்சு.

மழையும் பனியும் பேஞ்சு பேஞ்சு கழுகோட நகம் பூராம் தேஞ்சு போச்சு. ஒருநாள் முயலு அசைஞ்சு பாத்தா, புடியே இல்ல.

"நான்தான் விடச் சொன்னேன்"னுச்சு கிழக்கு. "நான் சொல்லித்தான் விட்டான்"னுச்சு மேற்கு.

முயலு சிரிச்சுக்கிட்டே குதிச்சு ஓடுச்சு. கொஞ்ச தூரம் போனதும் பின்னால குரல் கேட்டுச்சு.

"தம்பி, இருக்கியா?"ன்னுச்சு கிழக்குத் தலை.  மேற்குத் தலையும் அப்படியே கேட்டுச்சு.

முயலு தலையச் சொறிஞ்சுச்சு. திரும்பி வந்து கிழக்குப் பக்கம் நின்னுச்சு.

"அண்ணே, நீங்க எப்படி இருக்கீங்கன்னு அவரு கேக்கச் சொன்னாருண்ணே."

 கிழக்குத் தலை மெதுவா, "நல்லாருக்கேன்னு சொல்லு. அவன் சாப்பிட்டானான்னு கேளு"ன்னுச்சு.