எதிர்க்கடைக்காரர் தட்டிய கதவு

பம்பரைச் சரிசெய்ய வந்த காரின் உரிமையாளர், "இந்தக் கதவு கசங்கிப்போய்க் கிடந்துச்சு. எதிர்க்கடைக்காரர் தட்டியே எடுத்துட்டார்" என்று சொன்னார். நாற்பது வருடமாக டிங்கரிங் செய்பவருக்கு வயிறு எரிந்தது.

கார்க்காரர் போனதும் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தடவிப் பார்த்தார். மேடு பள்ளமே இல்லை. காந்தத்தை வைத்தால் எங்கும் ஒட்டியது. பள்ளத்தை நிரப்பும் பட்டியைத் துளிகூடப் பூசவில்லை.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி சிரித்தாள். "என் கையைக்கூட இவ்வளவு நேரம் பிடிச்சதில்ல நீங்க."

"அவனுக்கு இப்படி ஒரு கையா? சோறே இறங்காதுடி."

"அப்ப போய் அவரையே கேளுங்க."

தொழில் போட்டியில் பேச்சு நின்று மூன்று வருடமாகத் தாண்டாத தெருவைத் தாண்டினார்.

"அந்தக் கதவை எப்படிப்பா தட்டின?"

எதிர்க்கடைக்காரர் அவசரமாக ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. மூணு நாள் தட்டியும் வரல. பழைய இரும்புக்கடையில அதே கலர்ல ஒரு கதவு கிடைச்சுது. அதை மாட்டிட்டேன்."

"அதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, எதிர்க்கடை அண்ணனா இருந்தா தட்டியே எடுத்திருப்பாருன்னு உங்களைத்தான் சொல்லுவாரு. பத்து வருஷமா அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வெந்துட்டிருக்கேன்."