பெர்ஹாப்ஸுக்கு ஒரு வாக்கியம்

கரும்பலகையில் அந்த ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டு, அதற்குக் கீழே 'ஒருவேளை' என்று எழுதினாள் டீச்சர்.

சாக்பீஸ் முறிந்தது.

"பெர்ஹாப்ஸ். நடக்கலாம், நடக்காமயும் போகலாம். எங்கே, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க பார்ப்போம்."

ஒருவேளை மழை வரும். ஒருவேளை நாளைக்கு லீவு. ஏழாம் வகுப்பின் ஆசைகள் அத்தோடு சரி.

கடைசி பெஞ்சிலிருந்து கௌசிகா எழுந்தாள்.

"மிஸ், எதைக் கேட்டாலும் எங்கப்பா 'பாக்கலாம் சாமி'ம்பாருங்க. அதுதான் பெர்ஹாப்ஸுங்களா?"

"ஆமா."

"ஆனா அவரு அப்படிச் சொன்னா அது நடக்கவே நடக்காதுங்க மிஸ்."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

நேற்று அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

நாற்பத்தொரு வயதில் அதைப் பெண் பார்ப்பது என்று சொல்லவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பஜ்ஜி போட்டாள், கேசரி கிண்டினாள். கோவையிலிருந்து வந்த அண்ணனும் அண்ணியும் அவளுடைய வாடகை வீட்டில் விருந்தாளிகளோடு விருந்தாளிகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

இதுவரை வந்தவர்கள் எல்லோரும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனவர்கள்.

"ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோமுங்க."

அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். யாரும் எதையும் சொல்லி அனுப்பியதில்லை.

நேற்று வந்தவர் ஈஸ்வரமூர்த்தி. மனைவியை இழந்தவர். சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். கையில் தட்டோடு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உங்களுக்கு என்னையப் புடிச்சிருக்குங்களா?"

அதை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை.

பிடித்திருந்தது. தட்டோடு வந்து நின்றபோதே பிடித்துவிட்டது. ஆனால் ஒருநாளும் கேட்கப்படாத கேள்விக்கு யார் பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள்? இத்தனை வருடமும் காதில் விழுந்த பதில்தான் வாயில் வந்தது.

"சொல்லி அனுப்பறோமுங்க."

அவர் முகம் வாடியது. தட்டைச் சத்தமில்லாமல் தொட்டியில் வைத்துவிட்டுப் போனார்.

இன்று காலையில் அண்ணன் போன் செய்தார். பெண்ணுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று மாப்பிள்ளை தரகரிடம் சொல்லிவிட்டாராம். வேறு இடம் பார்க்கப் போகிறாராம்.

"விடும்மா. உனக்கென்ன, கவர்ன்மென்ட் வேலை இருக்குது."

அண்ணன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

"மிஸ்..."

கௌசிகா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

மணி அடித்தது.

பிள்ளைகள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு ஓடினார்கள். வகுப்பில் அவளும் கரும்பலகையும்தான் மிச்சம்.

போனை எடுத்தாள். நேற்று வீட்டுக்கு வழி கேட்டு ஈஸ்வரமூர்த்தி அழைத்திருந்தார். அந்த எண் இன்னும் பெயரில்லாமல் கிடந்தது.

அதை அழுத்தினாள்.

"ஹலோ?"

"நேத்து வந்திருந்தீங்களே... டீச்சர் பேசறேனுங்க."

"சொல்லுங்க" என்றார்.

"சொல்லி அனுப்ப எனக்கு ஆளில்லைங்க. அதான் நானே சொல்றேன். புடிச்சிருக்குதுங்க."

மறுமுனையில் எங்கோ ஒரு குக்கர் விசிலடித்து ஓய்ந்தது.

அவர் பேசவில்லை.

போனை வைக்கவும் இல்லை.