பானெட்டைத் திறக்கக் கூடாது

"பிள்ளைங்களை ஸ்கூல்ல விடத்தான் சார் வண்டி. ரெண்டும் சரியான வாலு," என்று தன் பழைய காரை விற்கும் பல் டாக்டரிடம் சொன்னபோது அக்காவின் முகத்தில் தாய்மை பொங்கி வழிந்தது.

அவளுக்குப் பிள்ளையும் கிடையாது, வாலும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு தையல் கடையும், பக்கத்தில் அப்பாவி முகத்தோடு நிற்கும் இந்தத் தம்பியும்தான்.

தம்பியின் ரோட்டரி எஞ்சின், அக்கா துணி வெட்டும் அறையில் வாடகை இல்லாமல் குடியிருந்தது. பிஸ்டன் மேலும் கீழும் குதிக்காமல், உள்ளே ஒரு முக்கோணம் சுற்றிச் சுற்றி வரும் எஞ்சின் அது. ஆள் சின்னது, வேலை பெரியது. எடை குறைந்த வண்டியில் மாட்டினால் பறக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தானே தவிர, பார்த்த வண்டி எதுவும் அவனுக்கு லேசாகப் படவில்லை.

அளவு கொடுக்க வந்த கல்யாணப் பெண் ஒருத்தி அதில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டாள். அன்றைக்கே அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அதுக்கு ஒரு வண்டி பாரு. இல்லைன்னா பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிட்டுப் போவார்."

இன்று ஞாயிற்றுக்கிழமை.

ஏற்கெனவே போன இடங்களில் காரியத்தைக் கெடுத்தவன் அவனேதான். பானெட்டைத் திறந்ததும் கண் மின்ன, டேப்பை எடுத்து நீள அகலம் அளக்க ஆரம்பித்துவிடுவான். "பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த வண்டி. கூறு போடவா வந்தே?" என்று துரத்திவிடுவார்கள். அதனால்தான் இந்தப் பிள்ளைக் கதை.

"பானெட் பக்கம் உன் கை போச்சு, அவ்வளவுதான். கத்தரி என்கிட்ட இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ," என்று வரும் வழியிலேயே மிரட்டியிருந்தாள் அக்கா.

நல்லவேளை, இந்த மாடலின் அளவெல்லாம் தம்பிக்கு மனப்பாடம். அக்காவை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, பிரேக் பார்க்கிற சாக்கில் ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளினான். அலுங்காமல் நகர்ந்தது. முன்பக்கத்தை அமுக்கிவிட்டான், துள்ளி எழுந்தது.

இந்த மாடலுக்கு மூக்கு இவ்வளவு லேசாக இருக்காதே என்று ஒரு கணம் தோன்றியது. துருப்பிடித்துக் கரைந்திருக்கும் என்று அதற்கும் சந்தோஷப்பட்டான். ஆசை வந்துவிட்டால் துருவும் அழகுதான்.

"பேட்டரி இறங்கிடுச்சு. ஸ்டார்ட் பண்ணிக் காட்ட முடியலை," என்று டாக்டர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அதனால என்ன சார்! எஞ்சின்னா எஞ்சின்தானே!" என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒரே குரலில்.

டாக்டருக்கு வாயெல்லாம் பல். அடுத்த நொடியே முகம் வாடியது. "வேகமா ஓட்டுவீங்களாம்மா?"

"ஐயையோ, சைக்கிள்ல போறவங்க எல்லாம் என்னைத் தாண்டித்தான் சார் போவாங்க."

"அப்போ... முதல் கியர்ல கொஞ்சம் பார்த்துப் போங்க."

அறை காலியானால் போதும் என்று, டாக்டர் கேட்ட விலையை அக்கா கொடுத்தாள். வண்டி ஒழிந்தால் போதும் என்பதுபோல டாக்டர் சாவியை அவள் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தம்பியின் சிநேகிதனுடைய வேனில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வேனைத் தம்பி ஓட்ட, பின்னால் சின்ன வண்டியில் அக்கா. முதல் வளைவில் "ஐயோ, மெதுவாடா!" என்று கத்தினாள். அடுத்த வளைவில் சிரித்தாள். வீடு வந்தபோது, "அதுக்குள்ளயா வந்துட்டோம்?" என்றாள்.

தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கியதும் ஓடிவந்து பானெட்டைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே இருந்தது ரோட்டரி எஞ்சின். அவனுடையதுக்குக் கூடப்பிறந்தது போல, அதைவிடப் பளபளப்பாக.

டாக்டருக்குப் போன் போட்டான்.

"மன்னிச்சுடுங்க தம்பி," என்றார் அவர் அழாத குறையாக. "ஆசைப்பட்டு மாத்தினேன். ரோட்டரின்னு சொன்னாலே வாங்க வர்றவங்க எல்லாம் ஓடிடறாங்க. அதான் மூடி மறைச்சேன். ஐயோ, ஸ்கூல் பிள்ளைங்க வேற! வேண்டாம்னா திருப்பிக் கொடுத்துடுங்க."

"முதல்ல ஓடுதான்னு பார்ப்போம்," என்றாள் ஸ்டியரிங்கை விட்டு இன்னும் இறங்காத அக்கா.

வேனின் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்தார்கள். எஞ்சின் ஒரு முறை இருமியது. பிறகு பாட ஆரம்பித்தது. தம்பி "பார்த்து..." என்று வாயைத் திறப்பதற்குள் தெருவில் வண்டி இல்லை, வெறும் சத்தம் மட்டும் இருந்தது. அவன் வாயை மூடுவதற்குள் தெருவின் மறுமுனையிலிருந்து வந்து நின்றாள். கொண்டை அவிழ்ந்து, முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க.

தம்பி அந்த இடத்திலேயே குதித்தான். "கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிடுச்சுக்கா! எஞ்சினோடவே வண்டி! என்னோடதை இன்னைக்கே அந்த இரும்புக்காரருக்குக் கொடுத்துடறேன். அறை உனக்கு, வண்டி எனக்கு. சாவியைக் குடு!"

அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இது எனக்குடா. உன் எஞ்சின் அங்கேயே இருக்கட்டும், நீ வேற வண்டி மெதுவாப் பாரு, அவசரமே இல்லை."