மூன்றாம் நாள், புல்லட் ரயில்

"சத்தம் போடாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது?" அபிதகுஜாம்பாள் மகன் பத்ரியின் வாயைப் பொத்தினாள். பத்து வயதுப் பையன், பொத்திய கைக்குள்ளேயே முனகினான்.

"இன்னிக்குப் புல்லட் ரயில்னு போட்டிருக்கேம்மா!"

போட்டுத்தான் இருந்தது. டிராவல்ஸில் கொடுத்த வழவழப்பான தாளில், ஜப்பான் சுற்றுலா, மூன்றாம் நாள், காலையில் புல்லட் ரயில், மதியம் ஃபுஜி மலை என்று வண்ண வண்ணமாக அச்சடித்திருந்தார்கள். 'மீன் வாடையே இல்லாத சுத்த சைவச் சாப்பாடு' என்று அடியில் ஒரு வரி வேறு. அந்த ஒரு வரியை நம்பித்தான் அபிதா இந்தப் பயணத்துக்கே தலையாட்டினாள்.

இப்போது திரைச்சீலையை இழுத்துவிட்ட ஒரே அறைக்குள் நாலு பேரும் அடைந்து கிடந்தார்கள். நாலு பாஸ்போர்ட்டும் டிராவல்ஸ்காரனிடம். அவனோ மூன்று நாளாகப் போனை எடுக்கவே இல்லை.

"பேசாம போலீஸ்கிட்ட போயிடலாம்னா," என்றாள் அபிதா. எத்தனையாவது முறை என்று அவளுக்கே தெரியாது.

"போனா? நாளைக்கே போட்டோவோட பேப்பர்ல வரும்." கணவர் சாம்பசிவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "ஆபீஸ்ல எனக்கு மாலை போட்டு அனுப்பியிருக்கா. உன் ஸ்கூல்ல எக்லெஸ் கேக் வெட்டியிருக்கா. சேலையூர்ல இனிமே தலைகாட்ட முடியுமா? இன்னும் நாலே நாள். ஓட்டிடலாம்."

நாலு நாளா! அபிதாவுக்கு நாலு நிமிஷமே நாலு யுகமாக இருந்தது. வெளியே யாராவது நடந்தால் குழந்தைகளின் வாயைப் பொத்தினாள். கதவைத் தட்டி, "நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்று ஒருத்தர் கேட்டுவிட்டால் போதும், மானம் கப்பலேறிவிடும்.

சாம்பசிவனின் போன் அதிர்ந்தது. சேலையூர் பக்கத்து வீட்டு ஈவ்லின் அக்கா. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியபோது குழந்தைகள் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பியவள். எடுக்காவிட்டால் சந்தேகம் வரும். சாம்பசிவன் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஸ்பீக்கரைச் சின்னதாக வைத்தார்.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"பிரமாதம்! இங்க இப்ப மணி..." சாம்பசிவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று. விரல் விட்டு மூன்றரை மணி நேரத்தைக் கூட்டினார். "...ரெண்டரை ஆயிடுத்து. இப்பத்தான் சாப்ட்டோம். ஃபுஜி மலை என்னமா இருக்கு தெரியுமோ!"

"எல்லாரும் அங்கதான சார் இருக்கீங்க? அபிதா, பசங்க எல்லாரும்?"

"பின்னே? எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம்."

"சரி சார். ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்." போன் வைக்கப்பட்டது. மனுஷர் இவ்வளவு சரளமாகப் பொய் பேசுவார் என்று பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அபிதா கண்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எனக்குப் பசிக்கறது," என்று சிணுங்கினாள் ஐந்து வயது சின்மயி.

"அவல் தரேண்டா கண்ணா. வெல்லம் போட்டு."

"அவல் வேண்டாம். ரசம் சாதம்!" உதடு பிதுங்கியது. அடுத்து வீறிடல்தான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? பயணத்துக்கென்று பெட்டியில் வைத்திருந்த குட்டி இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்தாள். மற்றதெல்லாம் சத்தமில்லாமல் ஆனது. கடைசியில் நெய்யை உருக்கினாள்.

"ஐயையோ, தாளிக்காதே! பெருங்காயம் ஊரைக் கூட்டிடும்!" சாம்பசிவன் பாய்ந்து வந்தார்.

"தாளிக்காத ரசத்தை அவ வாயில வைக்க மாட்டா." கடுகு வெடித்தது. பெருங்காயம் பொரிந்து, அறையெல்லாம் கமகமத்து, கதவிடுக்கு வழியாக வெளியேறியது. சாம்பசிவன் துண்டை எடுத்து விசிறினார். மணம் அவருக்குக் கட்டுப்படுகிற மாதிரி தெரியவில்லை.

சின்மயி மூன்றாவது வாய் வாங்கும்போது வெளியே காலடி கேட்டது. ஒருத்தர் இல்லை, நாலைந்து பேர். கனமான பூட்ஸ். வாக்கி டாக்கி ஒன்று கரகரவென்று எதையோ சொல்லி நின்றது.

அபிதா சாதக் கையோடு இரண்டு குழந்தைகளையும் வாரி அணைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பத்ரி அம்மாவின் புடவையைக் கடித்துக்கொண்டான்.

கதவு தட்டப்பட்டது. பிறகு இடிக்கப்பட்டது.

"திறந்துடலாம்னா. குழந்தைகள் பயப்படறதுகள்," என்று அழுதாள்.

"அசையாதே. யாரும் இல்லேன்னு நெனச்சுண்டு போயிடுவா." சாம்பசிவன் கிசுகிசுத்தார்.

போகவில்லை. இரும்புக் கம்பி ஒன்று கதவிடுக்கில் நுழைந்து நெம்புகிற சத்தம் கேட்டது. மரம் கிறீச்சிட்டது. அதற்கும் மேலே, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஈவ்லின் அக்காவின் குரல் கணீரென்று எழுந்தது.

"தைரியமா உடைங்க சார், வீட்டுக்காரங்க ஜப்பான்ல இருக்காங்க!"